ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் படம் வாங்குவதென்றால்

முதல் நாளே அவசரப்பட்டு, சுற்றுலாக் கடை ஒன்றில், ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா பாணி என்று சொல்லி விற்ற, மலைப்படம் போட்ட தட்டு ஒன்றை வாங்கிவிட்டேன். அறைக்கு வந்து பார்த்தால் மலையின் ஊதா, கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. மறுநாள்தான் பழங்குடி ஓவியர்களின் மெனி ஹேண்ட்ஸ் ஆர்ட் சென்டருக்குப் போனேன்.

அங்கே படம் விற்பது மட்டுமில்லை, உட்கார்ந்து வரைகிறார்கள். பலர் நமட்ஜிராவின் வழிவந்தவர்கள், உறவினர்கள். ஒரு அம்மா மலையை முடித்துவிட்டு முன்னால் நிற்கும், வெள்ளை அடிமரம் கொண்ட கோஸ்ட் கம் மரத்துக்கு வந்தார். மரம் நிற்க வேண்டிய இடத்தில் வண்ணமே படாமல் விட்டிருந்தார். காகிதத்தின் வெள்ளைதான் அடிமரம். ஓரத்தில் நீர்த்த நீலத்தை ஒரு இழுப்பு இழுத்தார், மரம் திரண்டு நின்றது. அரை மணி நேரம் நகரவே இல்லை நான்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது? 1936இல் ரெக்ஸ் பாட்டர்பீ என்ற ஓவியருடன் ஒட்டகம் ஓட்டி, வழிகாட்டிப் போன நமட்ஜிரா, அதற்கு ஈடாக வாட்டர்கலர் கற்றுக்கொண்டார். இரண்டே வருடத்தில் மெல்பர்னில் தனிக் கண்காட்சி. படங்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. பெயர் நாடெங்கும் பரவிய பிறகும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட மனை வாங்க அனுமதி கிடைக்கவில்லை. குடியுரிமை 1957இல்தான் வந்தது. அதனால் அவர் மது வாங்கலாம், குடியுரிமை இல்லாத சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால் குற்றம்! அப்படிக் கொடுத்ததாக வந்த வழக்கில் தண்டனை அனுபவித்து வெளியே வந்தவர், 1959இல் 57 வயதில் காலமானார்.

அவர் படங்களின் பதிப்புரிமைக் கதை இன்னும் கசப்பு. 1983இல் அரசு அறங்காவலர் அதை ஒரு பதிப்பகத்துக்கு 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். குடும்பத்தின் அறக்கட்டளைக்கு அது திரும்பியது 2017இல், ஒரு டாலருக்கு.

இது தெரிந்தபின் அந்தத் தட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. சென்டரில் உள்ளங்கை இரண்டளவு படம் ஒன்று வாங்கினேன். வரைந்தவர் யார் என்று தெரிந்து வாங்கியது. பேரம் பேசத் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் படத்துக்குச் சட்டம் போட்டவர் தங்க நிற ஃபிரேமை மாட்டி, கீழ் ஓரத்துக் கையெழுத்தை மறைத்துவிட்டார். சரி, கழற்றி வேறு போட்டாயிற்று. வெயில் பட்டால் வாட்டர்கலர் வெளுக்கும் என்பதால், ஜன்னல் இல்லாத சுவரில், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே தொங்குகிறது.