போர் தண்ணீரில் எந்த ஷேவிங் சோப் நுரைக்கும்? மிச்சல்ஸ், டபாக், செல்லா, ப்ரோராசோ, ஆர்கோ: ஓர் அலசல்

பிரஷும் கிண்ணமும் வைத்து ஷேவ் செய்யத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த சோப் நல்லது?" என்றுதான். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது?" வாசனை, விலை, கம்பெனியின் வயது எல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கிலாந்தில் கொண்டாடப்படும் ஒரு சோப் கோயம்புத்தூர் சிறுவாணித் தண்ணீரில் அருமையாக நுரைக்கும். அதையே சென்னைப் புறநகரின் போர் தண்ணீரில் குழைத்தால், முதல் கன்னத்தை வழித்து முடிப்பதற்குள் அடுத்த கன்னத்தில் நுரை காய்ந்து பொரிந்து நிற்கும். சோப் அதேதான், தண்ணீர்தான் வேறு.

சோப் என்பது கொழுப்பு அமிலமும் காரமும் கூடி உண்டாகும் உப்பு. குளிக்கிற சோப்பில் பெரும்பாலும் சோடியம் காரம்தான் இருக்கும். ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் காரமும் சேரும். பொட்டாசியம் கூடினால் சோப் இளகலாக இருக்கும், தண்ணீரில் சீக்கிரம் கரையும். கொழுப்பின் பக்கம் முக்கியமானது ஸ்டியரிக் அமிலம். பொடிக் குமிழிகளாக, கெட்டியாக, நெடுநேரம் அடங்காமல் நிற்கும் நுரை அதிலிருந்துதான் வருகிறது. தேங்காய் எண்ணெய் சோப் சட்டென்று பொங்கும், ஆனால் பெரிய பெரிய குமிழியாகி அதே வேகத்தில் அடங்கிவிடும். குளிக்கிற சோப்பைப் பிரஷில் எவ்வளவு தேய்த்தாலும் ஷேவிங்குக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். இவை சோப்போடு சேர்ந்தால் கரையாத வெள்ளைத் திரிபு உண்டாகும். வீட்டிலேயே பார்க்கலாம். சோப்பைக் கத்தியால் கொஞ்சம் சீவி, மூடியுள்ள இரண்டு பாட்டில்களில் சம அளவு போடுங்கள். ஒன்றில் கேன் தண்ணீர், மற்றொன்றில் போர் தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். முதல் பாட்டிலில் மேலே நுரை, கீழே ஏறக்குறைய தெளிந்த நீர் இருக்கும். இரண்டாவதில் நீர் கலங்கி, தயிர் திரிந்தது போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். நுரை இருந்தாலும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்காரும்.

எவ்வளவு சோப் வீணாகிறது என்றும் கணக்குப் போடலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் போர் தண்ணீரில் 500 இருப்பதாகவும், ஒரு ஷேவின் நுரைக்குள் 25 மில்லி தண்ணீர் போவதாகவும் வைத்துக்கொள்வோம். அதிலுள்ள கால்சியம் சுமார் 80 மில்லிகிராம் சோப்பைத் தின்றுவிடும். பிரஷில் ஒரு கிராம் சோப் ஏறியிருந்தால் இது பெரிய இழப்பில்லை. 0.4 கிராமுக்கும் குறைவாக ஏறியிருந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அதோடு, திரிந்த துணுக்குகள் மிச்சமுள்ள குமிழிகளையும் உடைக்கும். ஆக, உப்புத் தண்ணீர்க்காரர் ஒரு சோப்பில் முதலில் பார்க்க வேண்டியது, அது பிரஷில் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு தாராளமாக ஏறுகிறது என்பதை. இந்த ஒரு கேள்வியை வைத்தே எல்லாவற்றையும் எடை போடுகிறேன்.

மிச்சல்ஸ் வுல் ஃபேட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்த சோப். பிராட்ஃபோர்டு 19ஆம் நூற்றாண்டில் உலகின் பெரிய கம்பளித் தொழில் நகரங்களில் ஒன்று. அந்தத் தொழில் அங்கே செழித்ததற்கு ஒரு காரணம் பென்னைன் மலைப்பகுதியிலிருந்து இறங்கும் மென்நீர், அதாவது கால்சியமும் மக்னீசியமும் குறைந்த நீர். ஆட்டு ரோமத்தைச் சோப்புப் போட்டு அலசிச் சுத்தம் செய்ய மென்நீர்தான் தோது. அப்படி அலசும்போது பிரியும் கம்பளிக் கொழுப்புதான் லேனோலின். அதைக் கொஞ்சம் சேர்த்துச் செய்ததே மிச்சல்ஸ் சோப். விலங்குக் கொழுப்பு, ஸ்டியரிக் அமிலம், லேனோலின் மூன்றும் சேர்ந்த 125 கிராம் வட்டு, கல் மாதிரி இறுகியிருக்கும்.

நல்ல தண்ணீரில் இதன் நுரை தயிரேடு போலப் படியும். பிளேடு போன பாதையில் விரலை வைத்தால் அங்கே இன்னும் வழுவழுப்பு மிச்சமிருக்கும். இரண்டாம் முறை வழிக்கும்போது எரியாமல் காப்பது அந்த வழுவழுப்புதான். முகம் கழுவிய பிறகும் தோல் இழுத்துப் பிடிக்காது. ஆனால் இறுகிய வட்டு என்பதால் பிரஷில் கஞ்சத்தனமாகத்தான் ஏறும். உப்புத் தண்ணீரில் அது பெரிய குறை. மென்நீர் ஊரில் பிறந்த சோப் மென்நீரைத்தான் கேட்கிறது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. சிறுவாணி, நீலகிரி ஊற்று, சேமித்த மழைநீர், கேன் தண்ணீர் என்று ஏதோ ஒன்று கையில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். கம்பளி ஒத்துக்கொள்ளாத தோலுள்ளவர்கள் மட்டும் முன்கையில் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோகட்டும்.

ஜெர்மனியின் டபாக் இதற்கு நேர் போட்டி. ஆஹன் நகருக்கு அருகே ஷ்டோல்பெர்கில் உள்ள மொய்ரர் அண்ட் விர்ட்ஸ் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த வாசனை வரிசையைச் சேர்ந்தது. இதுவும் இறுகிய வட்டுதான், ஆனால் மிச்சல்ஸைவிடச் சீக்கிரம் இளகிக் கொடுக்கும். நுரைக்க எளிது, கெட்டிக்கும் குறைவில்லை. வாசனைதான் இதில் பிரச்சினை. பழைய காலத்து சலூன் பவுடர் நெடி, ஷேவ் முடிந்து நெடுநேரம் ஆனாலும் முகத்தில் நிற்கும். பிடித்தவர்களுக்கு உயிர், மற்றவர்களுக்குத் தலைவலி. நடுத்தரக் கடினநீருக்கு மிச்சல்ஸா டபாக்கா என்றால் நான் டபாக்கைத்தான் சொல்வேன். இந்த சோப்பின் சேர்மானம் அண்மை ஆண்டுகளில் விலங்குக் கொழுப்பிலிருந்து தாவரக் கொழுப்புக்கு மாறியது. பழையதை வைத்திருப்பவர்கள் அதை விட்டுக்கொடுக்க மறுப்பதும், பழைய விமர்சனங்களை இன்றைய வட்டுக்கு அப்படியே பொருத்த முடியாமல் இருப்பதும் அதனால்தான்.

உண்மையான உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு விடை இத்தாலியில் இருக்கிறது. மிலானில் 1899இலிருந்து வரும் செல்லா, கட்டியும் இல்லை, க்ரீமும் இல்லை. பிசைந்த மைதா பதத்தில் இருக்கும். சேர்மானப் பட்டியல் சின்னதுதான்: விலங்குக் கொழுப்பு, தேங்காய் எண்ணெய், பொட்டாசியம் காரம், கொஞ்சம் சோடியம் காரம், வாசனை. நனைத்து உதறிய பிரஷை நாலு சுற்று சுற்றினாலே நுனி முழுக்கப் பசையாக ஏறிவிடும். மிச்சல்ஸில் அரை நிமிடம் விடாமல் சுற்றினாலும் இவ்வளவு ஏறாது. கடினநீர் தின்பதைத் தின்றாலும் மிச்சம் தாராளமாக இருக்கும். கசப்பு பாதாம் மணம் கழுவியதும் போய்விடும், பிறகு போடும் லோஷனோடு சண்டை போடாது. சலூன்காரர்களுக்கென்று ஒரு கிலோ பாளமாகவும் வருகிறது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து அதை வாங்கி, வெட்டிப் பங்கு போட்டு, அவரவர் கிண்ணத்தில் அழுத்தி வைத்துக்கொள்வதுதான் சிக்கனம்.

ப்ரோராசோ ஃப்ளோரன்ஸ்காரர்களுடையது. மார்ட்டெல்லி குடும்பக் கம்பெனி 1908இல் தொடங்கியது, ப்ரோராசோ என்ற பெயர் வந்தது 1948இல். பச்சை டப்பாவில் யூகலிப்டஸும் மென்தாலும், வெள்ளையில் கிரீன் டீயும் ஓட்ஸும், சிவப்பில் சந்தன மணமும் ஷியா வெண்ணெயும். இதுவும் இளகல் சோப்தான், உப்புத் தண்ணீரிலும் தடங்கலில்லாமல் நுரைக்கும். தாவரக் கொழுப்பு என்பதால் சைவ வீடுகளிலும் தயங்காமல் வாங்கலாம். சித்திரை வெயிலில் பச்சை டப்பா தரும் சில்லிப்பு வேறெந்த சோப்பிலும் இல்லை. தோல் ஏற்கெனவே எரிச்சல் பட்டிருந்தால் மட்டும் மென்தால் கடுக்கும், அப்போது வெள்ளை டப்பாவுக்குப் போய்விடுங்கள். செல்லாவோடு ஒப்பிட்டால் ப்ரோராசோ நுரையில் காற்று கொஞ்சம் அதிகம், வழித்த பிறகு மிஞ்சும் வழுவழுப்பு கொஞ்சம் குறைவு. ஒரே முறை வழித்து வேலைக்கு ஓடுபவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தாடையடியை எதிர்த்திசையிலும் வழிப்பவருக்குத் தெரியும்.

துருக்கியின் ஆர்கோவை விலைக்காகவே பலர் வாங்குகிறார்கள். விலை மலிவு என்பதற்காக இதைக் கீழே வைத்துவிடக் கூடாது. எவ்யாப் நிறுவனத்தின் 75 கிராம் குச்சி இது. குச்சியாக இருப்பதே உப்புத் தண்ணீருக்கு வசதி. நனைந்த தாடியில் நேராகத் தேய்க்கலாம், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சோப்பை முகத்திலேயே ஏற்றிவிட்டுப் பிறகு பிரஷால் குழைக்கலாம். கிண்ணம்தான் வேண்டும் என்பவர்கள் குச்சியைத் துருவி அடியில் அழுத்தி வைத்தால் போதும். நுரை விஷயத்தில் இதைவிடப் பல மடங்கு விலையுள்ள சோப்புகளோடு தைரியமாகப் போட்டி போடும். எலுமிச்சை கலந்த கழிப்பறைக் கட்டி வாசனைதான் பலரை விரட்டுகிறது. காகிதத்தைப் பிரித்துச் சில நாள் காற்றாட வைத்தால் நெடி தணியும்.

அமெரிக்காவின் வில்லியம்ஸ் மக் சோப் பற்றி ஒரு வார்த்தை. கிண்ண சோப் என்ற பழக்கத்தையே அந்த நாட்டில் 1840களில் பரப்பிய பெயர் அது. ஆனால் பிற்காலத்து வட்டில் நுரை நிற்காது என்பது ஊரறிந்த புகார். பழைய பெயருக்காகத் தேடி அலைய வேண்டாம்.

நம் ஊர்க் கடைகளில் பிரஷுக்கென்று கிடைப்பது பெரும்பாலும் டியூப் க்ரீம்தான். அதுவும் பொட்டாசியம் சோப்தான், தண்ணீர் அதிகம் சேர்ந்தது. உப்புத் தண்ணீரில் சட்டென்று நுரைக்கும், விலையும் கட்டுப்படி. அதில் எனக்குக் குறையாகப் படுவது நுரையின் ஆயுள். மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் காய்கிறது. இறக்குமதி சோப்புகளுக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் க்ரீமை வெறுங்கையால் பூசாமல் பிரஷால் நன்றாகக் குழைத்தாலே நல்ல ஷேவ் கிடைக்கும். மாட்டுக் கொழுப்பு பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: வனஸ்பதியில் கலப்படம் நடந்த சர்ச்சைக்குப் பிறகு 1983இல் இந்திய அரசு மாட்டுக் கொழுப்பின் இறக்குமதியைத் தடை செய்தது. நம் நாட்டு சோப்புகள் பெரும்பாலும் பாமாயில், தேங்காய் எண்ணெய் வழியில் வருபவை. வெளிநாட்டு டப்பாவாக இருந்தால் பட்டியலில் 'டாலோ' என்று தொடங்கும் பெயரும், 'டாலோவேட்' என்று முடியும் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது விலங்குக் கொழுப்பு.

ஒரே ஒரு சோப் வாங்கப் போகிறீர்கள், வீட்டில் போர் தண்ணீர்தான் என்றால் செல்லா. சைவம் வேண்டுமென்றால் ப்ரோராசோ வெள்ளை. பணம் இடித்தால் ஆர்கோ. மிச்சல்ஸ் மேல் ஆசை இருந்தால், அதற்காக ஒரு தம்ளர் கேன் தண்ணீரை ஒதுக்குங்கள். வட்டின் மேல் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிரஷையும் கேன் தண்ணீரிலேயே நனைத்துச் சுற்றுங்கள். தாடியை ஊறவைக்கவும் முகம் கழுவவும் போர் தண்ணீர் போதும், நுரைக்குள் போகும் சில மடக்கு மட்டும்தான் மென்நீராக இருக்க வேண்டும்.

எந்த சோப்பாக இருந்தாலும் உப்புத் தண்ணீரில் புழங்கும் பிரஷை அவ்வப்போது கவனியுங்கள். திரிந்த சோப் மயிர்க்கால்களின் அடியில் சேர்ந்து இறுகும். நுனி மெத்தென்று இருந்தும் நடுப்பகுதி விறைத்துப்போனால் அதுதான் காரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து சிறிது நேரம் ஊறவிட்டு, கேன் தண்ணீரில் அலசி, உதறி, ஈரம் கீழே வடியும்படி தலைகீழாகத் தொங்கவிட்டால் இளகிவிடும்.