நறுக்கிய முட்டைகோஸ் பாக்கெட்: வாங்கலாமா?

சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் கிடைக்கும் நறுக்கிய முட்டைகோஸ் அவசரத்துக்குச் சரி, அதுவும் பொரியலுக்கு மட்டும். ஓரங்கள் பழுத்திருந்தாலோ உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தாலோ தொடவே வேண்டாம். கூட்டுக்கு முழுக் கோஸ்தான் மேல். கையில் கனமாக, இலை இறுக்கமாக இருக்கவேண்டும்.

100 கிராம் பச்சைக் கோஸில் சுமார் 36 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. நறுக்கி நாள்கணக்கில் வைத்தாலும், வேகவைத்து நீரை வடித்தாலும் அது குறையும். 250 கிராமுக்கு 2 டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய் தாளித்து, தண்ணீர் விடாமல் 6, 7 நிமிடம் வதக்கினால் போதும். உப்பு கடைசியில், முதலிலேயே போட்டால் நீர்விட்டுக் குழைந்துவிடும். ரொம்ப வெந்தால் கந்தக வாடை வரும். பந்தியில் இலை ஓரத்துக்குத் தள்ளப்படுகிற கோஸ் பெரும்பாலும் அந்த ரகம்தான்!

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கோஸைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றும்.