கறல் பிடிச்ச மசி 35 ட்ரக்டரைத் திருத்தப் போற ஆளுக்கு பாலையூற்றுப் பக்கத்து கராஜ் எப்பிடி?

திருகோணமலையில பழைய உழவு மெசின் திருத்தித் தாற கராஜ் கனக்க இருக்கு, ஆனா ஒண்டும் தெரியாத ஆளைப் பக்கத்தில நிப்பாட்டி, நட்டுக் கழட்டுற சாவியைக் கையில குடுத்து "நீங்களே கழட்டுங்க தம்பி, நான் பாக்கிறன்" எண்டு சொல்ற இடம் நான் பாத்தவரைக்கும் இது ஒண்டுதான். பாலையூற்றுப் பக்கம், போர்ட் கிடையாது, தகரக் கொட்டில், முன்னால ரெண்டு மூண்டு ட்ரக்டர் சில்லு இல்லாமக் கட்டையில நிக்கும், கந்தளாய்ப் பக்கமிருந்து வாற ஆக்களிட்ட கராஜ்காரரை "மசி பாஸ்" எண்டு கேட்டாலே காட்டுவினம். எங்கட மெசின் அங்க நிண்ட காலம் முழுக்க நானும் அங்கதான் நிண்டனான், அதால விபரமா எழுதுறன்.

மெசின் பெரியப்பாட மசி பெர்கூசன் 35. நிலாவெளியில வெங்காயத் தோட்டத்துக்கு ஓடினது, பிறகு வளவுக்குள்ள வேப்பமரத்துக்குக் கீழ வருஷக்கணக்கா நிண்டது. கடலுக்குக் கிட்ட நிண்ட இரும்பு எப்பிடி இருக்கும் எண்டு எங்கட ஊர் ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மட்கார்ட்டைத் தட்டினா இதழ் இதழா உதிர்ந்தது. 35 எண்ட மாடல் 1957ல இருந்து இங்கிலாந்தில கொவென்ரியில செய்தது, 1964 கடைசியில 135 வந்துதான் அதிட இடத்தைப் பிடிச்சது. வாங்கப் போற ஆக்கள் ஒண்டு கவனிங்க, முதல் வந்த டீசல் 35ல ஸ்டாண்டர்ட் எண்ட கொம்பனிட நாலு சிலிண்டர் இஞ்சின், அது ஸ்டார்ட் எடுக்கிறதில கரைச்சல் குடுக்கிறதெண்டு அப்பவே பேர் எடுத்தது. 1959ல இருந்து வந்தது பெர்கின்ஸ் கொம்பனிட மூண்டு சிலிண்டர், அதுதான் நல்லது, சாமானும் இண்டைக்கும் கிடைக்குது. இஞ்சினிட மேல் மூடியில, அதுதான் ஹெட்டில, டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் எத்தினை இருக்கெண்டு எண்ணினாலே விளங்கும், சிலிண்டருக்கு ஒண்டு. பாஸ் லொறியில இருந்து இறக்க முந்தியே எண்ணிப்போட்டு "மூண்டு, அப்ப செய்வம்" எண்டார், நாலெண்டா வேற யோசனை சொல்லியிருப்பாராம்.

இந்த இடத்தில எனக்குப் பிடிச்ச முதல் விஷயம் என்னெண்டா அவசரப்படுறேல்ல. இஞ்சின் இறுகிச் சுத்தாம நிண்டதுக்கு ஊரில எல்லாரும் சொன்னது ஒரே கதை, இன்னொரு ட்ரக்டரால இழுத்து கியரைப் போடு, இஞ்சின் தானாச் சுத்தும் எண்டு. பாஸ் அதுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, பிஸ்டன் ரிங் சிலிண்டர் லைனரோட கறல் பிடிச்சு இறுகி இருக்கேக்க இழுத்தா ரிங் உடையும், பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கொன்றொட் வளையும், பிறகு ஒரு நாள் வேலை ஒரு இஞ்சின் வேலையா முடியும் எண்டார். இன்ஜெக்டர் மூண்டையும் கழட்டுவிச்சு, ஒவ்வொரு ஓட்டையாலயும் டீசலும் கியர் ஒயிலும் கலந்து விடுவிச்சு, அப்பிடியே ஊற விட்டவர். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழட்டி அந்த இடத்தால ப்ளைவீல் எண்ட பெரிய சில்லிட பல்லில கம்பியைக் குடுத்து முன்னுக்குக் கொஞ்சம் பின்னுக்குக் கொஞ்சம் அசைக்கச் சொன்னார், பலத்தைப் போட விடேல்ல. கடைசியில அது மெதுவா இளகிச் சுத்தின நேரம் என்ட கையில விளங்கினது, அந்தச் சந்தோசத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை, காசு குடுத்து வேற ஆளைக் கொண்டு செய்திருந்தா அது எனக்குக் கிடைச்சிருக்காது.

கியர் பொக்ஸ் ஒயிலைக் கழட்டி விட்டா பால் தேத்தண்ணி மாதிரி வந்தது. 35ல கியர் பொக்சுக்கும் கலப்பை தூக்கிற ஹைட்ரோலிக்குக்கும் பின் அச்சுக்கும் ஒரே ஒயில்தான், கியர் கம்பியில இருக்கிற றப்பர் உறை வெடிச்சா மழைத்தண்ணி அதால இறங்கி எல்லாத்துக்கும் போகும். பாஸ் 2004 சுனாமிக்குப் பிறகு உப்புத்தண்ணி ஏறின மெசின்கள் கனக்கத் திறந்து பாத்த ஆள், மழைத்தண்ணி எண்டா கழுவி எடுக்கலாம், உப்புத்தண்ணி எண்டா பெயரிங்கைத் திறக்காம விடக்கூடாது எண்டு சொல்லி, எங்கடது மழைத்தண்ணிதான் எண்டு மூடியைத் திறந்து பல்லுகளைக் காட்டி விளங்கப்படுத்தினவர். டீசல் விட்டுக் கழுவி, புது றப்பர் போட்டு, புது ஒயில் விட்டது. அந்த றப்பர் ஒரு சின்னச் சாமான், அதை ஒழுங்கா மாத்தியிருந்தா பாதிக் கரைச்சல் வந்திருக்காது.

சாவி விஷயம் புதுசா வாற ஆக்களுக்குக் கட்டாயம் தெரியவேணும். இந்த மெசினில இருக்கிறது அங்குல நட்டு, எங்கட வீடுகளில இருக்கிறது மில்லிமீற்றர் சாவி. 3/4 அங்குல நட்டுக்கு 19 சாவி இறுக்கமா ஏறும், 1/2 அங்குலத்துக்கு 13 கொஞ்சம் லூசாப் பிடிக்கும், ஆனா 9/16க்கு 14 ஏறாது, 15 போட்டா மூலை வட்டமாப் போகும், கறல் பிடிச்ச நட்டு எண்டா பிறகு வெட்டித்தான் எடுக்கவேணும். பாஸ் தன்ட அங்குல செட்டைத் தாறார், அதுக்குக் காசு எடுக்கிறேல்ல, பின்னேரம் எண்ணித் திருப்பிக் குடுத்தாச் சரி. இறுகின நட்டுக்கு முதல்நாளே ஒயில் விட்டு வைக்கச் சொல்லுவார், அதுக்கும் அசையாட்டி சூடு காட்டுவார், டீசல் ராங்கிக்குக் கிட்ட இருக்கிற ஒண்டுக்கும் நெருப்பைக் கொண்டுபோக விடமாட்டார்.

இனிக் கறல். இதுக்காகவே இந்த இடத்துக்குப் போகலாம் எண்டு சொல்லுவன். வந்தவுடனே க்ரைண்டரில கம்பி ப்ரஷ்ஷைப் பூட்டித் தேய்க்கத் தொடங்குற இடங்கள்தான் கூட, இங்க முதல் வேலை நல்ல தண்ணியால கழுவுறது, திரும்பத் திரும்பக் கழுவுறது, ஏனெண்டா கடல் காத்தில வந்த உப்பு கறலுக்குள்ள ஒளிஞ்சு நிக்கும், அதுக்கு மேல எவ்வளவு திறமான பெயின்ற் அடிச்சாலும் கொஞ்ச நாளில குமிழ் குமிழாக் கிளம்பும். பிறகுதான் பிரிச்சு எடுக்கிறது, மேலோட்டமான கறலுக்குக் கம்பி ப்ரஷ், ஆழமாப் போன சாமானுக்குக் கரண்டுத் தொட்டி. ஒரு பிளாஸ்டிக் பரல், தண்ணி, அதுக்குள்ள சலவைச் சோடா, கறல் சாமானை பற்றறி சார்ஜரிட நெகட்டிவ்வில கொழுவி, பொசிட்டிவ்வில ஒரு பழைய இரும்புத் தகட்டைக் கொழுவி ரெண்டும் முட்டாம தொங்க விடுறது, அவ்வளவுதான், ஒரு இரவுக்குள்ள கறல் கறுத்த சேறா இளகி ப்ரஷ்ஷால தொட்டா உதிரும், நல்ல இரும்பைத் தின்னாது. அசிட் எண்டா நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும், அதுதான் வித்தியாசம். பொசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லஸ் போடவே கூடாது, அதில இருக்கிற குரோமியம் நஞ்சாத் தண்ணியில இறங்கும். அலுமினியச் சாமானைத் தொட்டியில போடக்கூடாது, சோடா அதைத் தின்னும். ஸ்ப்ரிங்கும் போடக்கூடாது, உடையிற தன்மை வந்திரும். ஹைட்ரஜன் காஸ் வாறதால தொட்டி வெளியிலதான், பக்கத்தில பீடி சிகரட் பத்த விடமாட்டார், ஆர் வந்தாலும் அதில கண்டிப்பு. தொட்டியில இருந்து எடுத்தவுடனே கழுவிக் காயவைச்சு அண்டைக்கே ப்ரைமர் அடிக்கவேணும், எங்கட காத்தில விடியக்குள்ள திரும்ப மஞ்சளாகும்.

டீசல் ராங்கியை என்னைக் கொண்டுதான் கழுவிச்சது, உள்ளுக்குச் சங்கிலித் துண்டும் டீசலும் போட்டுக் குலுக்கிக் குலுக்கி, வாற டீசல் தெளிவா வருமட்டும். ராங்கிக் கறல் ஒரு பொட்டுப் போனாலும் டீசல் பம்ப் பழுதாப் போயிரும், பம்ப் போனா அதுதான் பெரிய செலவு. பம்ப்பை மட்டும் பாஸ் தானும் திறக்கிறேல்ல, பம்ப்பைப் பூட்டிச் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்ச் இருக்கிற இடத்துக்குத்தான் அனுப்புறவர், தெரியாததில கை வைக்காத அந்தக் குணத்தை நான் மதிக்கிறன். டீசல் பைப்புக்குள்ள நிக்கிற காத்தை எடுக்கிற வேலையும் நானேதான் செய்தது, முதல் பில்டர் ஸ்க்ரூ, பிறகு பம்ப் ஸ்க்ரூ, பிறகு இன்ஜெக்டர் பைப் நட்டு, ஒவ்வொண்டிலயும் குமிழ் நிண்டு சுத்த டீசல் வந்த பிறகுதான் அடுத்தது.

குறை இல்லாம இல்லை. பில் எண்டு ஒண்டும் கிடையாது, கொப்பியில எழுதி வைப்பார், நீங்களும் ஒரு கொப்பி வைச்சிருங்க. சாமான் விலை 2022க்குப் பிறகு நல்லா ஏறினது, அதுக்கு அவர் பொறுப்பில்லை, ஆனா கொழும்பில இருந்து வாற சாமானுக்கு எவ்வளவு ஆகும் எண்டு முதலே கேட்டுச் சொல்லச் சொல்லுங்க, கேட்காட்டி வந்த பிறகுதான் சொல்லுவார். கொட்டில் சின்னன், மாரி மழைக்கு உள்ளுக்குச் சாரல் அடிக்கும், அந்த நேரம் இஞ்சினைத் திறந்தபடி விடாதீங்க. பெரிய குறை காலம், விதைப்புக்கும் வெட்டுக்கும் தம்பலகாமம் கந்தளாய் மெசின்கள் வந்து நிக்கும், அப்ப எங்கட மெசின் மூலையிலதான். எனக்கு அது கோவமில்லை, வயலில நிக்கிற மனுசனுக்கு ஒரு நாள் பிந்தினா அந்தப் போகமே பாழ், நாங்க ஆசைக்குத் திருத்துறம், அவர் செய்யிறது நியாயம். ஆனா கலியாண வீட்டுக்கு ஓடிக் காட்டவேணும் மாதிரித் திகதி வைச்சுக்கொண்டு போற ஆக்கள் வேற இடம் பாருங்க.

பெயின்ற் அங்க அடிக்காதீங்க, தூசி. அவரே டவுனில ஸ்ப்ரே அடிக்கிற இடத்துக்குத்தான் அனுப்புவார், அனுப்பேக்க பெனட், மட்கார்ட் சிவப்பு, இஞ்சினும் கியர் பொக்சும் சாம்பல் எண்டு துண்டில எழுதித் தந்தவர், ஏனெண்டா எல்லாத்தையும் ஒரே சிவப்பில அடிச்சுத் தாற பழக்கம் இங்க இருக்கு, 35க்கு அது பொருந்தாது.

இஞ்சின் கழட்டத் தெரியாட்டியும் பரவாயில்லை, கேட்கிற மனசும் கையில கிறீஸ் படப் பஞ்சிப்படாத குணமும் இருந்தாக் காணும். மெசினைக் குடுத்திட்டுப் போய் முடிஞ்ச பிறகு எடுக்க நினைக்கிற ஆக்களுக்கு இது சரிவராது, அவர் போன் எடுக்கிறதும் குறைவு. போறதெண்டா பெரும்போக வெட்டு முடிஞ்சு, சித்திரை வருஷப்பிறப்பும் கழிஞ்ச பிறகு காலமையில போங்க, மெசினைக் கொண்டுபோக முந்தி இன்ஜெக்டர் எண்ணிக்கையையும் நம்பர் தகட்டையும் போனில படம் எடுத்துக் காட்டுங்க, லொறிக் கூலி குடுக்க முந்தியே செய்யலாமா ஏலாதா எண்டு நேர சொல்லுவார்.