செகோனிக் எல்-308எக்ஸ் லைட் மீட்டர்: கல்யாண வீடியோவுக்கும் குறும்படத்துக்கும் வாங்கலாமா?

கோபி, பவானி, அந்தியூர்ப் பக்கம் வீடியோ எடுக்கிற தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அண்ணா, ஸ்கிரீன்லயே எல்லாம் தெரியுதுங்களே, அப்புறம் எதுக்குங்க தனியா மீட்டர்?" ஒரு முகூர்த்த சீசன் முழுக்கக் கல்யாணங்களிலும் இடையில் ஒரு குறும்படத்திலும் இந்த மீட்டரை வைத்து வேலை பார்த்துவிட்டேன். தாராளமாக வாங்கலாம். குறிப்பாக, கேமராமேன் ஆக வேண்டும் என்று மனசில் வைத்திருப்பவர்கள் அடுத்த லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்க வேண்டும்.

முதலில் பொருள். ஜப்பான் கம்பெனித் தயாரிப்பு. சட்டைப் பையில் அடங்கும். பேட்டரி போடாமல் நூறு கிராம்கூட வராது. கடிகாரத்துக்குப் போடுகிற சாதாரண டபுள் ஏ பேட்டரி ஒன்று போதும், நட்டநடுக் கிராமத்தில் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மேலே பாதிப் பந்து மாதிரி வெள்ளைக் குமிழ் ஒன்று இருக்கிறது. அதை முகத்துக்குப் பக்கத்தில், கேமராவைப் பார்த்தபடி பிடித்துப் பட்டனை அழுத்தினால் முகத்தில் விழுகிற வெளிச்சத்தை அளந்து ஸ்டாப்பை, அதாவது லென்ஸ் துளையை எவ்வளவு திறக்க வேண்டும் என்கிற எண்ணை, சொல்லும். குமிழைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால், பொருளிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சத்தை அளக்கும். ஃபோட்டோ, சினிமா, எச்டி சினிமா என்று தனித்தனி மோடு உண்டு. புதிதாக வாங்குகிறவர்கள் திரையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5.6 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக 3 என்று வந்தால், 5.6ஐத் தாண்டிப் பத்தில் மூன்று பங்கு ஸ்டாப் என்று அர்த்தம். என்னிடம் இருக்கிற பையன் முதல் நாள் அதை 5.63 என்று படித்தான்.

சரி, கேமராவுக்குள்ளேயே மீட்டர் இருக்கும்போது இது எதற்கு? கேமராவின் மீட்டர், எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். பதினெட்டு சதவீதச் சாம்பல் என்பார்கள். நம் பக்கத்துக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சீர் செய்து வைக்கிற அருமைக்காரரும் வெள்ளை. மாமன் மச்சான் வரிசையும் வெள்ளை. ஃப்ரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெயிலில் கறுத்த நம் மாப்பிள்ளையின் முகம் அப்படியே இருட்டில் போய்விடும். அப்புறம் எடிட்டிங்கில் முகத்தைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். குமிழ் வைத்த மீட்டருக்கு வேட்டியும் தெரியாது, தோல் நிறமும் தெரியாது. விழுகிற வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். அந்த ஸ்டாப்பை வைத்தால் வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் வரும்.

இணைச்சீர் என்கிற நம் கொங்குக் கல்யாணச் சடங்கு நடக்கிற நேரத்தில் போய் நிதானமாக அளந்துகொண்டிருக்க முடியாது என்பது உண்மைதான். அதனால் மேடையில் ஆட்கள் ஏறுவதற்கு முன்பே, மாப்பிள்ளை உட்காரும் இடம், பெண் உட்காரும் இடம், தாலி கட்டும் இடம் மூன்றையும் அளந்து குறித்து வைத்துவிடுகிறோம். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பா வந்து, "ஏனுங் தம்பி, மூஞ்சிக்கு நேரா என்னத்த வெச்சுப் பாக்கறீங்க?" என்று கேட்டார். "வெளிச்சம் அளக்கறனுங்க அய்யா" என்று என் பையன் சொன்னதும், அவரே நகர்ந்து இடம் கொடுத்து, மணவறைக்கு நேரே எரிந்த ஃபோகஸ் லைட்டையும் அணைக்கச் சொன்னார். என்ன செய்கிறோம் என்று தெரிந்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் தொழிலுக்கு மரியாதை தருவார்கள்.

நான் ஃபிலிம் காலத்து அசிஸ்டன்ட். சென்னையில் வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கையை விட்டு மேகசினில் ஃபிலிம் லோட் பண்ணி, தூரம் அளக்க டேப் பிடித்து, ஃபோகஸ் வைக்கிற ஃபோகஸ் புல்லராகி, அப்படிப் படிப்படியாக வந்தவன். 400 அடி ரோல், 24 ஃப்ரேமில் நாலரை நிமிஷம்கூட ஓடாது. லேபிலிருந்து ரஷ், அதாவது கழுவிப் பிரிண்ட் போட்ட படம், வருகிறவரை படம் எப்படி விழுந்திருக்கிறது என்று செட்டில் யாருக்கும் தெரியாது. தயாரிப்பாளர் போட்ட பணம், நடிகரின் கால்ஷீட், ஆர்ட் டைரக்டர் இரவெல்லாம் போட்ட செட், எல்லாமே கேமராமேன் வாயிலிருந்து வருகிற ஒரு ஸ்டாப்பை நம்பித்தான் இருந்தன. என் குருநாதர் முதலில் கண்ணால் பார்த்தே ஸ்டாப்பைச் சொல்லிவிடுவார். அப்புறம் எங்களை மீட்டர் வைக்கச் சொல்வார். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஆனாலும் மீட்டர் வைக்காமல் அவர் டேக் போனதில்லை. காலையில் எடுத்த குளோசப்பும் சாயங்காலம் எடுத்த குளோசப்பும் ஒரே காட்சியில் ஒட்ட வேண்டும். மனிதக் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தானாகப் பழகிக்கொள்ளும், அதனால் சாயங்காலம் அதன் கணக்கு மாறிப்போகும் என்பார்.

இப்போது "நேச்சுரல் லைட்ல எடுக்கறேங்க, மீட்டர் வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடனே சொல்கிற பெயர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, மலையாளப் படத்தில் கேமராமேனாகத் தொடங்கியவர். 'மூன்றாம் பிறை'க்காக (1982) ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கினார். அதன் கடைசிக் காட்சி நடக்கிற கேத்தி ஸ்டேஷன், நம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற மலை ரயில் பாதையில்தான் இருக்கிறது. ஒருமுறை போய் நின்று பாருங்கள். மேகம் வந்தால் ஒரு வெளிச்சம், விலகினால் வேறு வெளிச்சம். கிடைக்கிற வெளிச்சத்தில் எடுக்கிறவருக்குத்தான் அளவு இன்னும் கூடுதலாகத் தேவை. விளக்கு என்றால் கூட்டலாம், குறைக்கலாம். சூரியனை என்ன செய்ய முடியும்?

எங்கள் குறும்படத்தில் இது நன்றாகத் தெரிந்தது. ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஓர் அப்பத்தா உட்கார்ந்து மஞ்சள் பொறுக்குகிற காட்சி. உச்சி வெயில். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 100, ஐம்பதில் ஒரு பங்கு செகண்ட் ஷட்டர் என்று வைத்து அளந்தால் வாசலில் 22 வந்தது, திண்ணைக்குள் 4. ஐந்து ஸ்டாப் வித்தியாசம், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரண்டு மடங்கு. அப்படியே எடுத்திருந்தால் வாசல் வெந்து வெள்ளையாகியிருக்கும், இல்லையென்றால் அப்பத்தா நிழலில் தொலைந்திருப்பார். வாசல் ஓரத்தில் இரண்டு தெர்மாகோலை நிறுத்தி, வெயிலைத் திருப்பி முகத்துக்கு விட்டோம். அளந்தால் 5.6. அதற்கு மேல் ஏற்றினால் திண்ணை திண்ணையாக இருக்காது என்று அங்கேயே நிறுத்திக்கொண்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் சாய்ந்து திண்ணைக்குள் வெளிச்சம் மாறிவிட்டது. தெர்மாகோலை நகர்த்தி நகர்த்தி, முகத்துக்கும் வாசலுக்கும் அதே நாலு ஸ்டாப் இடைவெளி வருகிறவரை அளந்தோம். மதியம் எடுத்ததும் பிறகு எடுத்ததும் எடிட்டிங்கில் அப்படியே ஒட்டிக்கொண்டன.

இந்த மீட்டரால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வருகிற வெளிச்சத்தை இது நாற்பது டிகிரி அகலத்தில் பார்க்கும். தூரத்துக் கோபுரத்தை மட்டும், ஜன்னல் கம்பியை மட்டும் என்று குறிபார்த்து அளக்க முடியாது. அதற்கு ஒரு டிகிரி ஸ்பாட் மீட்டர் வேண்டும், அதன் விலை வேறு. மேடைக்குப் பின்னால் எல்இடி வால் என்கிற பெரிய திரை வைக்கிற ரிசப்ஷனில் குமிழை மட்டும் நம்பாதீர்கள். அந்தத் திரையின் பிரகாசத்தைக் கேமராவின் வேவ்ஃபார்மில் (வெளிச்ச அளவைக் காட்டுகிற வரைபடத்தில்) பாருங்கள், முகத்தை மீட்டரில் பாருங்கள். கலர் டெம்பரேச்சரும், அதாவது வெளிச்சம் மஞ்சளா நீலமா என்கிற அளவும், இதில் தெரியாது.

வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸில் என்டி ஃபில்டர் போட்டிருந்தால் மீட்டருக்குத் தெரியாது, நீங்கள்தான் கழிக்க வேண்டும். 0.9 என்டி என்றால் மூன்று ஸ்டாப். சுற்றிச் சுற்றிக் குறைக்கிற வேரியபிள் என்டி வைத்திருப்பவர்களுக்கு இது தலைவலி. எத்தனை ஸ்டாப் போயிருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. நிலையான என்டிக்கு மாறிவிடுவது நல்லது. லாக்கில் (பிறகு கலர் சரிசெய்வதற்காக வெளிறிப்போய்ப் பதிவாகிற முறையில்) எடுப்பவர்கள் கேமராவின் ஐஎஸ்ஓவையே மீட்டரிலும் வைத்து, ஒரு கிரே கார்டை (நடுத்தரச் சாம்பல் நிற அட்டையை) எடுத்துப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் லைட் மினுக்கினால் ஷட்டர் ஐம்பதில் அல்லது நூறில் ஒரு பங்கு இருக்கிறதா என்று பாருங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்.

மொபைல் ஆப் போதாதா என்றால், பழகுவதற்குப் போதும். தொழிலுக்குப் போதாது. பழைய ஊசி மீட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: செலினியம் செல் வைத்த மீட்டருக்குப் பேட்டரி வேண்டாம், பார்க்கவும் அழகு. ஆனால் வருஷம் போகப் போக அந்த செல் சோர்ந்துவிடும். நல்ல மீட்டர் ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

விலை, ஒரு கல்யாணத்துக்கு நாம் வாங்குகிற அட்வான்ஸில் அடங்கிவிடும். வாங்கும்போது பில்லும் வாரண்டி கார்டும் கேட்டு வாங்குங்கள். குமிழைத் தள்ளிப் பார்த்து, இரண்டு பக்கமும் சரியாகப் போய் நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கழுத்துக் கயிறு கட்டாமல் மேடை ஏறாதீர்கள்.