நீகட்டா பனி ஊர்ல சாக்கே ஆலை டூர்: கொழிஞ்சாம்பாறைக்காரன் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், ஜப்பான் போறவங்க டோக்கியோ கியோட்டோன்னு சுத்தற நாள்ல கொஞ்சத்த ஒதுக்கி ஜப்பான் கடலோரம் இருக்கற நீகட்டா மாகாணத்துப் பக்கம் போய்ட்டு வாங்க, அதுவும் பனிக்காலத்துல போங்க. சாக்கேங்கற அரிசி மதுவ குடிக்கறதுக்காக மட்டும் சொல்லல, அரிசியையும் தண்ணியையும் வெச்சுக்கிட்டு ஒரு ஊரே எவ்வளவு மரியாதையா ஒரு வேலைய செய்யுதுன்னு பாக்கறதுக்காக. குடிக்காதவங்களுக்கும் இது நல்ல டூர்தான், எங்க வீட்டம்மா ஒரு சொட்டு தொடல, ஆனா என்னைய விட அவங்கதான் ஜாஸ்தி கேள்வி கேட்டாங்க.

நாங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளான்னாலும் வீட்டுல பேசறது தமிழ்தான், பொள்ளாச்சி ரோட்டுல கொஞ்ச தூரம் போனா தமிழ்நாடு பார்டர். இந்த சித்தூர் தாலுக்கா பூரா தென்னந்தோப்பு, இங்க எறக்கற கள்ளுதான் வண்டி வண்டியா கேரளாவோட மத்த ஜில்லாவுக்கெல்லாம் போகுது, பார்டருக்கு அந்தப் பக்கம் 1987ல இருந்து கள்ளுக்குத் தடை. எங்க தோப்புலயும் மரம் ஏறறவங்க இருக்காங்க. அதனால ஒரு ஊரு தன் மண்ணுல வெளையறத வெச்சு ஒரு பானம் பண்ணுதுன்னா அத எப்படிப் பண்ணுது, பண்றவங்கள எப்படி நடத்துதுன்னு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

என் தங்கச்சி பையன் நீகட்டாவுல நாகஓகாங்கற ஊர்ல படிக்கறான், அவன்தான் "மாமா, ஜூன் ஜூலையில வந்தா கழுவிக் கவுத்த டேங்க்தான் பாப்பீங்க, பிப்ரவரியில வாங்க"ன்னான். அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி, பெரும்பாலான ஆலையில அக்டோபர்ல ஆரம்பிச்சு மார்ச் வாக்குலதான் வேலை நடக்குது, நடுப் பனியில போனாத்தான் ஆவி பறக்கற சோத்த நேர்ல பாக்க முடியும்.

டோக்கியோவுல ஜோஎட்சு ஷின்கான்சென்ங்கற புல்லட் ட்ரெயின் ஏறினா ஒண்ணேகால் மணி நேரம் சொச்சத்துல எச்சிகோ யுசாவா வந்துருது. ஏறறப்ப வெயில் அடிக்குது, தரை காஞ்சு கெடக்குது, அப்புறம் டைஷிமிசுன்னு 22 கிலோமீட்டர் சுரங்கம், அதுக்குள்ள பூந்து வெளிய வந்தா எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. சைபீரியாவுல இருந்து வர்ற குளிர்காத்து ஜப்பான் கடல் மேல ஈரத்த அள்ளிக்கிட்டு வந்து இந்த மலையில முட்டி, இருக்கறத எல்லாம் இந்தப் பக்கமே கொட்டிட்டு அந்தப் பக்கம் வறண்ட காத்தா போகுது, அதான் காரணம். ரோட்டு நடுவுல சின்னச் சின்ன குழாய் வெச்சு நெலத்தடித் தண்ணிய பீச்சி பனிய கரைக்கறாங்க, இது நாகஓகாவுல கண்டுபிடிச்சதாம், தண்ணியில இருக்கற இரும்புல ரோடெல்லாம் செம்மண் கலருக்கு மாறிக் கெடக்குது. ஷூ நல்லதா போட்டுக்கோங்க, இந்தத் தண்ணியில சாதா ஷூ பத்து நிமிஷத்துல ஊறிப்போகும்.

இந்தப் பனி வெறும் சீனரி இல்லீங்க, சாக்கேவுக்கு இதுதான் ஆதாரம். காத்துல இருக்கற தூசிய அமுக்கிடுது, ஆலைக்குள்ள சூடு ஏறி எறங்காம ஒரே சீரா வெச்சுக்குது, வசந்தத்துல உருகி நெலத்துக்குள்ள எறங்கி கெணத்துத் தண்ணியா வருது. அந்தத் தண்ணியில தாது உப்பு கம்மி, அதனால நொதிக்கறது நெதானமா நடந்து லேசான, இனிப்பு ஒதுங்கின ருசி வருது, நீகட்டா சாக்கேன்னாலே இந்த ருசிதான். அதுவும் இல்லாம பழைய காலத்துல பனி மூடின மாசங்கள்ல வயல்ல வேலை இருக்காது, அதனால விவசாயிங்களே ஆலைக்கு வேலைக்குப் போனாங்க, அவங்களுக்குத் தலைமையா இருக்கறவர தோஜின்னு சொல்றாங்க. எச்சிகோங்கறது நீகட்டாவோட பழைய பேரு, எச்சிகோ தோஜிகள்னா ஜப்பான் பூராவும் பேரு, இங்க இருந்து ஊர் ஊரா போய் வேலை செஞ்சிருக்காங்க. இப்ப இந்த மாகாணத்துல மட்டும் 90 ஆலைக்குக் கிட்ட இருக்குது, ஜப்பான்ல வேற எந்த மாகாணத்துலயும் இத்தன இல்ல.

டைம் இல்லாதவங்க யுசாவா ஸ்டேஷனுக்குள்ளயே இருக்கற போன்ஷுகான் போங்க. செவுரு முழுக்க மெஷின், மாகாணத்து ஆலைங்களோட சாக்கே எல்லாம் வரிசையா நிக்குது, நாங்க போனப்ப 500 யென்னுக்கு அஞ்சு டோக்கனும் ஒரு சின்ன கப்பும் குடுத்தாங்க, டோக்கன போட்டு பட்டன அமுக்கினா ஒரு வாய் அளவு ஊத்துது, சில ஒசந்த சரக்குக்கு டோக்கன் கூட வேணும். தொட்டுக்க விதவிதமா உப்பும் மிசோங்கற சோயா வெழுதும் வெள்ளரிக்காயும் வெச்சிருக்காங்க, உப்ப நாக்குல வெச்சுட்டு ஒரு மடக்கு குடிச்சுப் பாருங்க ருசியே மாறுது. ஆனா இத மட்டும் பாத்துட்டுத் திரும்பிராதீங்க, இங்க ருசி தெரியும், வேலை தெரியாது.

வேலையோட அறிவு தெரியணும்னா மினாமி உஓனுமாவுல ஹக்காய்சான் ஆலைக்காரங்க வெச்சிருக்கற உஓனுமா நோ சாட்டோ போங்க. 1922ல ஆரம்பிச்ச கம்பெனி, பின்னாடி நிக்கற மலை பேரையே சாக்கேவுக்கு வெச்சிருக்காங்க. இங்க யுகிமுரோன்னு ஒரு பனிக்கிடங்கு, 2013ல கட்டினது, உள்ள 1000 டன் பனி மலையா குவிஞ்சு கெடக்குது, அதே ஹால்ல சாக்கே டேங்க் நிக்குது. மெஷின் வெச்சு குளுக்கறது இல்ல, பனியோட குளிரே வருஷம் பூரா மூணு நாலு டிகிரி சுத்தி புடிச்சு வெச்சுக்குது, வருஷா வருஷம் புதுப் பனி போட்டு நெரப்பிக்கறாங்க. இப்படி மூணு வருஷம் வெச்சு எடுக்கற ஜுன்மாய் டைகின்ஜோ (வெளி ஆல்கஹால் சேக்காம, நெறைய தீட்டின அரிசியில பண்ற ஒசந்த ரகம்) ஒண்ணு இருக்குது, ஒரு வாய் குடிச்சேன், காரம், நெடி ஒண்ணும் இல்லாம வழுவழுன்னு எறங்குது, வாசம் மட்டும் ரொம்ப நேரம் நிக்குது. அந்தக் காலத்துல இந்த ஊர் ஜனங்க காய்கறி சேத்து வெக்கப் பயன்படுத்தின முறைதான் இது, வாழ்க்கைக்குத் தொல்லையா வந்து விழற பனிய எடுத்து வேலைக்கு ஆக்கிக்கிட்டாங்க பாருங்க, எனக்கு அங்க நிக்கறப்ப உடம்பு சிலிர்த்துச்சு, குளிர்னால மட்டும் இல்ல. பக்கத்துலயே நூடுல்ஸ் கடை, பேக்கரி, ஆலை ஆளுங்க சாப்பிடற கேன்டீன்ல நம்மளும் போய் சாப்பிடலாம். வீட்டம்மா அமாசாக்கே குடிச்சாங்க, அரிசியில கோஜி போட்டு இனிப்பாக்கினது, ஆல்கஹால் கெடையாது, சூடா குடுத்தா கொழந்தைங்களும் குடிக்கும்.

கோஜின்னா என்னன்னு சொல்லிடறேன், இது புரியலைன்னா டூர்ல பாதி வீண். தென்னம்பாளையில வடியற சாறுலயே சர்க்கரை இருக்குது, காத்துல இருக்கற ஈஸ்ட் தானா வந்து விழுந்து காலையில எறக்கினது மத்தியானத்துக்குள்ள கள்ளாயிடுது, அடுத்த நாள் புளிச்சு காடியாப் போயிடும். அரிசியில சர்க்கரை இல்ல, மாவுச்சத்துதான், ஈஸ்ட்டுக்கு அது ஆகாது. அதனால வெந்த அரிசி மேல ஒரு பூஞ்சைய தூவி, 30 டிகிரிக்கு மேல சூடான ஒரு மரப் பலக ரூம்ல ரெண்டு நாள் ராத்திரி பகலா கிண்டிக் கிண்டி வளக்கறாங்க, அதான் கோஜி, அது மாவ சர்க்கரையாக்குது. வெளிய மார் அளவு பனி, உள்ள பனியனோட வேர்த்துக் கொட்ட நிக்கறாங்க. அப்புறம் ஈஸ்ட்டுக்குன்னு ஒரு சின்னத் தொட்டியில ரெண்டு வாரம், அத பெரிய டேங்க்ல ஊத்தி சோறும் கோஜியும் தண்ணியும் ஒரேயடியா போடாம மூணு தவணையா நாலு நாள்ல போடறாங்க, ரெண்டாவது நாள் ஒண்ணும் போடாம ஈஸ்ட் பெருகட்டும்னு விட்டுடறாங்க. அதுக்கு மேல மூணுல இருந்து அஞ்சு வாரம். ஒரே டேங்க்ல ஒரு பக்கம் மாவு சர்க்கரையாகுது, இன்னொரு பக்கம் சர்க்கரை ஆல்கஹாலாகுது, ரெண்டும் ஒரே சமயத்துல நடக்கறதால காய்ச்சி வடிக்காமலே 20 சதவீதம் வரைக்கும் ஏறுது, கடைக்கு வர்றப்ப தண்ணி கலந்து 15, 16க்கு கொண்டு வர்றாங்க. அரிசிய எவ்வளவு தீட்டறாங்கங்கறதுதான் வெலைய முடிவு பண்ணுது, டைகின்ஜோன்னா அரிசியில கொறஞ்சது பாதியாவது தீட்டியே தள்ளிடணும், அதுக்கு அடுத்த ரகமான கின்ஜோவுக்கு 60 சதவீதம் மிஞ்சலாம். தீட்டின மாவும் வீணாப் போறதில்ல, அரிசி பிஸ்கட்டுக்குப் போகுது.

இதெல்லாம் எனக்கு நல்லா வெளங்கினது நீகட்டா சிட்டியில இமாயோ ட்சுகாசா ஆலையில. 1767ல ஆரம்பிச்சது, ஸ்டேஷன்ல இருந்து கால்மணி நேரம் நடந்தாப் போதும், வெளிய இருந்து ஆல்கஹால் சேக்காம அரிசி, கோஜி, தண்ணி மட்டும் வெச்சே இப்ப எல்லா சாக்கேவும் பண்றாங்க. கூட்டிட்டுப் போனவங்க அரிசிய கையில குடுத்து, தீட்டினது தீட்டாதது ரெண்டையும் தடவிப் பாக்கச் சொல்லி, பழைய மரத்தொட்டி எதுக்குன்னு சொல்லி, அவசரமே இல்லாம சொன்னாங்க. நாகஓகாவுல செட்டாயாங்கற ஏரியாவும் அருமை, யோஷினோகாவா அங்கதான் இருக்குது, 1548ல இருந்து நடக்கற ஆலை, அதே தெருக்கள்ல மிசோ பண்றவங்க சோயா சாஸ் பண்றவங்கன்னு இருக்காங்க, நடந்துக்கிட்டே இருந்தா மூக்கே வழி காட்டும். வாசல்ல தேவதாரு எலையில கட்டின பெரிய உருண்டை தொங்குதான்னு பாருங்க, பச்சையா இருந்தா புதுசா சாக்கே எறங்கிருக்குன்னு அர்த்தம், நாளாக ஆக பழுப்பாகும்.

எல்லா இடமும் இப்படின்னு நெனைச்சுடாதீங்க. ஒரு ஆலையில, பேரு வேண்டாம், பத்து நிமிஷம் ஜப்பானிய வீடியோ போட்டாங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு டேங்க காமிச்சாங்க, நேரா கடைக்குள்ள விட்டுட்டாங்க, அவ்வளவு தூரம் பனியில போனதுக்கு மனசே ஆறல. அதனால புக் பண்றப்பவே ரெண்டு கேள்வி கேளுங்க: வேலை நடக்கறத பாக்க விடுவீங்களா, இங்கிலீஷ்ல சொல்ல ஆள் இருக்கா. கோஜி ரூமுக்குள்ள பெரும்பாலும் விடமாட்டாங்க, அத தப்பா எடுத்துக்காதீங்க, வெளி கிருமி ஒண்ணு பூந்தாலும் மொத்தமும் போயிடும். காலையில நாட்டோ சாப்பிட்டுட்டு வராதீங்கன்னு சொல்ற ஆலைங்க நெறைய, அந்தப் புளிச்ச சோயாவுல இருக்கற பாக்டீரியா கோஜிய கெடுத்துடும், ஓட்டல் டிஃபன்ல அது வெச்சிருப்பாங்க, கவனம்.

பெரிய ஆலைங்கள விட எனக்கு மனசுல நின்னது மலையடிவாரத்துல ஒரு சின்ன ஆலை. வயசான ஒருத்தர், வெடிஞ்சும் வெடியாத நேரத்துல சோத்த அள்ளித் துணியில கொட்டி கையாலயே கட்டி ஒடைச்சு ஆற வெச்சுக்கிட்டு இருந்தாரு, எங்க தங்கச்சி பையன் மூலமா நான் கேட்ட ஒவ்வொண்ணுக்கும் கை நிறுத்தாம பதில் சொன்னாரு. இந்தக் கோஜி வெச்சு பண்ற கைவேலைய 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ மரபுப் பட்டியல்ல சேத்திருக்காங்க. எங்க ஊர்ல கள்ளு ஷாப்புக்கு மீன்கறி சாப்பிட ஃபேமிலியா வர்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா தோப்புக்குள்ள நின்னு பாளைய எப்படிக் கட்டறீங்க, எத்தன தடவ தட்டறீங்க, எப்ப சீவறீங்கன்னு மரம் ஏறறவரக் கேட்டவங்கள நான் பாத்ததில்ல. அந்தக் கையும் இந்தக் கையும் ஒரே மதிப்புக்குரியதுதான். சித்தூர் பக்கம் யாராச்சும் தோப்புலயே இப்படி ஒரு டூர் ஆரம்பிச்சாங்கன்னா மொத ஆளா எங்க தோப்ப தெறந்து விடறேன், நெஜமாத்தான் சொல்றேன்.

சாப்பாட்டுக்கு, சைவம்னா சிரமம், காய்கறி கொழம்புலயும் மீன் சாறு இருக்கும், ரெடிமேட் சாப்பாடு எடுத்துட்டுப் போங்க. கறி மீன் சாப்பிடறவங்க மியோக்கோ ஊரு கன்சூரிய விட்டுடாதீங்க, உப்பு போட்ட மொளகாய பனி மேலயே பரத்தி சில நாள் வெச்சு, கோஜியும் யுசு எலுமிச்சையும் அரைச்சுப் போட்டு மூணு வருஷம் ஊற வெக்கற வெழுது, நம்ம நாக்குக்கு அங்க கெடச்ச ஒரே நெஜமான காரம். அதுக்கு வெலை கம்மியான ஜுன்மாய சூடு பண்ணிக் குடிச்சாத்தான் சரியா இருக்குது, வெலை கூடின டைகின்ஜோ குளிரக் குளிர தனியாக் குடிக்கறதுக்கு. நடுவுல நடுவுல தண்ணி குடிங்க.

கார் எடுத்துட்டுப் போலாம்னு நெனைக்காதீங்க, பனி ஒரு பக்கம், குடிச்சுட்டு ஓட்டினா ஓட்டறவருக்கு மட்டுமில்ல கூட உக்காந்து வந்தவங்களுக்கும் தண்டனை உண்டு. ட்ரெயின், பஸ், மிஞ்சினா டாக்ஸி. பாட்டில் வாங்கறப்ப நமான்னு போட்டது சூடு காட்டாதது, ஃபிரிட்ஜ்லயே இருக்கணும், சிங்கப்பூர் வழியா கோயமுத்தூர் வந்து சேர்றதுக்குள்ள கெட்டுடும், அங்கயே குடிச்சுடுங்க. இந்தியாவுக்குள்ள ஒருத்தருக்கு ரெண்டு லிட்டர்தான் டூட்டி இல்லாம விடுவாங்க, 720 மில்லி பாட்டில் ரெண்டும் 300 மில்லி ஒண்ணும் எடுத்தா ரெண்டு லிட்டருக்குள்ள அடங்கிடும், துணி நல்லா சுத்தி செக்-இன் பெட்டியில வைங்க.