குற்றியை இறக்குவதா, பலகையை இறக்குவதா? மலையகத்தில் மரம் அரியும் மூன்று வழிகள்

தேயிலை மலையில் நிழலுக்காக நின்ற சவுக்கோ (சில்வர் ஓக்), தோட்ட எல்லையில் வளர்ந்த யூக்கலிப்டஸோ வெட்டி விழுத்தப்பட்டதும், அதை எங்கே வைத்துப் பலகையாக்குவது என்ற கேள்வி எழுகிறது. குற்றியாகத் துண்டித்து, பாதைக்கு உருட்டி, லொறியில் ஏற்றி நகரத்து மரக்காலைக்கு, அதாவது மரம் அரியும் ஆலைக்கு, அனுப்பலாம். விழுந்த இடத்திலேயே சங்கிலி வாளால் அரியலாம். அப்படி அரிவதிலும், வெறும் கைப்பிடியில் அரிவது, வாளுக்கு இரும்புச் சட்டம் பூட்டி அரிவது என்று இரண்டு வகை உண்டு. இந்த மூன்றில் எது மலிவு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பலகைக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். குற்றியைத் தூக்குபவரின் தோளையும் வாளைப் பிடிப்பவரின் கையையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் முடிவு மாறுகிறது என்பதே என் நிலைப்பாடு.

முதலில் பலகைக் கணக்கையே பார்ப்போம். ஒன்றரை அடி விட்டமும் எட்டு அடி நீளமும் உள்ள ஒரு குற்றியிலிருந்து 12 அங்குலச் சதுரக் கட்டை ஒன்று கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மரக்காலையின் பட்டை வாள் (நாடா போன்ற அலகு சுழலும் வாள்) ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்கும். சங்கிலி வாளோ ஏறத்தாழ 9 மில்லிமீற்றரைத் தின்றுவிடும். ஒரு அங்குலப் பலகையாக அரிந்தால், அந்தக் கட்டையிலிருந்து பட்டை வாளில் 11 பலகைகளும் சங்கிலி வாளில் 9 பலகைகளும் தேறும். அதாவது சங்கிலி வாளில் கட்டையின் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு மரத்தூளாகக் காலடியில் விழுகிறது. மரக்காலைப் பலகையின் முகம் வழவழப்பாகவும் தடிப்பு ஒரே சீராகவும் இருக்கும் என்பதால், தளபாடத்துக்கு வாங்குபவர் அதற்குக் கூடுதல் விலை தருவார். இந்த இரண்டிலும் சங்கிலி வாளால் மரக்காலையோடு போட்டியிட முடியாது.

ஆனால் அந்தக் குற்றி மரக்காலைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? அது 14 கன அடி மரம். பச்சையாக இருக்கும்போது யூக்கலிப்டஸ் தண்ணீருக்கு நிகரான பாரம் உடையது என்பதால், ஏறத்தாழ 400 கிலோ கனக்கும். லொறி நிற்கும் பாதைக்கு மேலே மரம் விழுந்திருந்தால் உருட்டி இறக்கலாம். உருளும் வழியில் தேயிலைச் செடிகள் நசுங்கும், வடிகான்கள் இடியும், கீழே நிற்பவரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. பாதைக்குக் கீழே பள்ளத்தில் விழுந்திருந்தால் கயிறும் கப்பியும் பல பேரும் வேண்டும். மழைக்காலத்தில், அதாவது ஹட்டன் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரையிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரையிலும், தோட்டத்து மண் பாதையில் பாரம் ஏற்றிய லொறி புதையாமல் திரும்புவதே பெரிய காரியம். அதே குற்றியை விழுந்த இடத்தில் அரிந்தால், எட்டு அடிப் பச்சைப் பலகை ஒன்று 20 கிலோவுக்குள் அடங்கும். ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்துவிடலாம். புறப்பலகைகள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புகளுக்குப் போகும். மரத்தூள் மலையிலேயே கிடந்து மண்ணாகும். இரண்டு பலகைகள் குறைந்தாலும், 400 கிலோவைச் சரிவில் நகர்த்தும் வேலை இல்லாமல் போவது சாதாரண இலாபம் அல்ல.

எனவே லொறி மரத்தின் அருகே வரக்கூடிய இடத்தில் மரக்காலை, வரமுடியாத சரிவில் சங்கிலி வாள் என்பதுவரை தீர்மானிப்பது எளிது. சங்கிலி வாளை எப்படிப் பிடிப்பது என்பதே இங்கே அதிகம் பேசப்படாத, ஆனால் கூடுதலாகப் பேசப்பட வேண்டிய விடயம்.

மலையகத்தில் பெரும்பாலும் காணக்கிடைப்பது கைப்பிடியில் அரிவதுதான். கரி கரைத்த நீரில் நனைத்த நூலைக் குற்றியின் மேல் இழுத்துச் சுண்டிக் கோடு போடுகிறார்கள். வாள்காரர் குற்றியின் மேலோ பக்கத்திலோ நின்று, அந்தக் கோட்டின் வழியே வாளை இறக்கிக்கொண்டு பின்னோக்கி நகர்கிறார். பழகிய கை அரை அங்குலம்கூடப் பிசகாமல் போவதைப் பார்க்கையில் மரியாதை பிறக்கிறது. அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த முறையில் வாளின் நுனி பெரும்பாலான நேரம் மரத்துக்குள் மறைந்தே இருக்கிறது. நுனியின் மேற்பாதி உள்ளே ஒரு கணுவிலோ பழைய ஆணியிலோ இடித்தால், கண் இமைப்பதற்குள் வாள் முகத்தை நோக்கி எகிறும். சரிவில் நிற்பவருக்குப் பின்வாங்க இடமும் இருக்காது. அதோடு, மரம் துண்டிக்கவென்று கூர் தீட்டிய சங்கிலியையே பலர் நீளவாட்டில் அரியவும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பற்களின் மேல்வெட்டு 30 பாகை அளவில் சாய்ந்திருக்கும். நீள அரிவுக்கு அது 10 பாகை அளவுக்குக் குறைய வேண்டும். சாய்வு கூடிய சங்கிலியால் அரிந்த பலகையின் முகம் வரிவரியாகக் கிழிந்திருக்கும். பிறகு அதைச் சீவுகையில் இன்னும் கொஞ்சம் மரம் போகும்.

சட்டம் பூட்டிய வாளில் நிலைமை வேறு. வாளின் அலகை இரண்டு முனையிலும் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டம், முதல் அறுப்புக்காக ஆணியடித்த நேரான பலகையின் மேலும், அடுத்த அறுப்புகளில் ஏற்கெனவே அரிந்த தட்டையான முகத்தின் மேலும் சறுக்கிச் செல்கிறது. நுனி கவ்விக்குள் இருப்பதால் எகிறும் ஆபத்து ஏறக்குறைய இல்லாமல் போகிறது. தடிப்பும் சீராக வருகிறது. யூக்கலிப்டஸ் தன் உள்ளிறுக்கம் காரணமாக அரியும்போதே வளைந்து வாளைக் கவ்விப்பிடிக்கும் மரம் என்பதால், அறுப்பு முன்னேற முன்னேறப் பின்னால் மர ஆப்புகளைச் செருகிக்கொண்டே போக வேண்டும். சட்டத்தை விலை கொடுத்து வாங்க முடியாவிட்டாலும், அளவு தெரிந்த வெல்டிங் கடையில் செய்துகொள்ளலாம்.

சட்டத்துக்குக் குறைகளும் உண்டு. அலகின் நீளத்தில் சில அங்குலங்களைக் கவ்விகள் எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு குற்றியிலும் பூட்டித் தயாராக நேரம் பிடிக்கிறது. வாள்காரர் குனிந்து புகைக்கு அருகே இருப்பதால், காற்று வரும் திசையில் முதுகை வைத்து நின்றே அரிய வேண்டும். பெரிய இயந்திரமும் தேவை; 70 சீசீக்குக் குறைந்த வாள் அகலமான குற்றியில் திணறும். இங்கே உயரமும் குறுக்கிடுகிறது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிந்திருப்பதால், வாளின் சக்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். கொழும்பில் வைத்துச் சரிசெய்த காபரேட்டர் மேலே வந்ததும் பெற்றோலை அதிகமாகக் கொடுத்துப் புகை கக்கும். மேலே வைத்துப் பெற்றோலைக் குறைத்த வாளை அப்படியே இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிப்போகும். தானே காபரேட்டரைத் திருத்திக்கொள்ளும் புதிய வகை வாளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எந்த முறையில் அரிந்தாலும் சங்கிலி வாள் உடம்பைத் தின்கிறது. அதன் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். அந்த அளவில் காது மூடாமல் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தொழில் சுகாதார வரையறை. அதிர்வால் விரல்களின் இரத்த ஓட்டம் கெட்டு, குளிரில் அவை வெளுத்து மரத்துப்போகும் நோய் வாள்காரர்களுக்கு வரும். மலையகத்துக் காலைக் குளிர் அதைக் கூட்டவே செய்யும். பட்டை வாளுக்கு மரத்தை ஊட்டும் மரக்காலைத் தொழிலாளிக்கு வேறு ஆபத்துகள் உண்டு என்றாலும், இந்த அதிர்வு அவர் கைக்கு வருவதில்லை.

இப்போது கூலி. மரக்காலையில் வேலை செய்பவருக்கு, சட்டம் சொல்கிறபடி, ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அதற்கானது. மலையில் அரிபவர் பெரும்பாலும் தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் இல்லாதவர். மரத்தை ஏலத்தில் எடுத்த ஒப்பந்தக்காரர் கன அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவந்தவர். காயம்பட்டால் தன் தொழில்தருநர் யார் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது. கன அடிக்குக் கூலி என்ற ஏற்பாடுதான் கைப்பிடி அரிவை உயிரோடு வைத்திருக்கிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். சட்டம் பூட்டும் நேரத்துக்கும் சங்கிலியைத் தீட்டும் நேரத்துக்கும் காசு கிடைக்காதபோது, வேகமான வழியையே ஒருவர் தேர்ந்தெடுப்பார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அனுமதி விடயத்தில் இரு தரப்புக்கும் சுமை உண்டு. சங்கிலி வாளைப் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும். மரக்காலைக்கும் வனப் பரிபாலனத் திணைக்களத்தில் பதிவு வேண்டும். வேலையைப் பேசும்போது வாளுக்கான இரும்புச் சட்டம், காது மூடி, தீட்டும் நேரம் ஆகியவற்றைக் கூலியோடு சேர்த்து நாள் கணக்கில் பேச ஒப்பந்தக்காரர் இணங்கினால், பாதை எட்டாத சரிவில் நான் தேர்ந்தெடுப்பது சட்டம் பூட்டிய வாளையே. அவர் இணங்காவிட்டால், காய்ந்த மாதம் வரும்வரை குற்றியை அங்கேயே விட்டுவைத்து லொறிக்குக் காத்திருப்பது மேல். ஓரங்களில் வெடிப்புக் கண்டு கொஞ்சம் மரம் வீணாகட்டும்.