டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் இந்தப் பாழாய்ப்போன பி.சி.வி.யும்

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டிக்கு அறுவை சிகிச்சை ஆன பிறகு, என் உடம்பு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சொந்தமாகச் சுரப்பதில்லை. சில வருடங்களாக ஊசிதான். ஜிம்மில் பழக்கமான தம்பி ஒருவன், "அண்ணே, எனக்கு டெஸ்டோஸ்டிரோன் 340தான் வந்திருக்கு, நானும் போட்டுக்கவா?" என்று கேட்டான். அதற்காகத்தான் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கே சரிந்து படுக்கும் நிலை போனது. எரிச்சல் குறைந்தது, தாடி திரும்ப வந்தது. இதில் குறையே இல்லை.

குறையெல்லாம் பி.சி.வி.தான். ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினுக்குப் பக்கத்தில் இருக்கும், யாரும் கவனிக்காத அந்த எண். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று காட்டுவது. ஆண்களுக்குப் பொதுவாக 40 முதல் 50 வரை. டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையை விரட்டி வேலை வாங்குவதால் அது ஏறிக்கொண்டே போகும். 54-ஐத் தாண்டினால், ரத்தம் கெட்டியாகிவிடும் என்று டாக்டர் ஊசியை நிறுத்துவார். எனக்குத் தலைவலிகூட இல்லை, ஆளைப் பார்த்தால் நல்ல ஆரோக்கியம். ரிப்போர்ட் மட்டும் பயமுறுத்தும். ஒருமுறை ரத்தம் எடுத்துக் குறைத்தார்கள். எண் இறங்கியது, கூடவே உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இறங்கி மறுபடி சோர்வு. சோர்வுக்குத்தானே ஐயா இந்த ஊசியே!

உண்மையில் உதவியது ஊசி போடும் முறையை மாற்றியதுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மி.கி. போட்டபோது முதல் சில நாள் ராஜா, கடைசி வாரம் யாரோடும் பேசப் பிடிக்காது. டாக்டர் வேறு எஸ்டருக்கு, அதாவது அதே ஹார்மோனின் வேறு ஊசி வடிவத்துக்கு மாற்றி, வாரம் ஒன்றாகச் சிறு அளவில் போடச் சொன்னார். அந்த ஏற்ற இறக்கம் அடங்கியது, பி.சி.வி.யும் கொஞ்சம் பணிந்தது. மார்புக் காம்பில் இருந்த வலியும் போயிற்று. ஜிம்மில் இந்த வலிக்கு, ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைக்கும் அனாஸ்ட்ரஸோல் மாத்திரையை விழுங்கச் சொல்வார்கள். ஈஸ்ட்ரஜனை ஒரேயடியாக அடித்துவிட்டால் ஆணுக்கும் மூட்டு வலிக்கும், எலும்பு தேயும்.

ஜெல் இன்னும் சீரானது, பி.சி.வி.யை ஊசி அளவுக்கு ஏற்றாது என்பதும் நிஜம். ஆனால் தோளில் தடவிக் காய விட்டு, சட்டை போட்டு மூட வேண்டும். குழந்தையின் தோலில் பட்டால் அதற்கு வயதுக்கு முன்பே பருவ மாற்றம் வரலாம். என் மகள் தோளைவிட்டு இறங்கவே மாட்டாள். ஜெல்லை விட்டுவிட்டேன்.

இந்த ஊசிக்கு மார்க் கேட்டால்? போன ரிப்போர்ட்டில் பி.சி.வி. 49. அன்றைக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்திருப்பேன். நேற்று 53. மார்க் நான்குதான். அதற்காக ஊசியை விடப்போவதும் இல்லை.

தம்பி, உனக்கு வேண்டாம். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விரைகளை வேலை வாங்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களை மூளை நிறுத்திவிடும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை போகலாம். நிறுத்தினாலும் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அந்த 340-உம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தம். காலையில், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை எடு. கூடவே எல்.எச்., புரோலாக்டின் (பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோன்). ரிப்போர்ட்டை ஜிம் டிரெய்னரிடம் காட்டாதே, ஹார்மோன் டாக்டரான எண்டோகிரைனாலஜிஸ்டிடம் காட்டு.